காலதர்

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
தென்றல் என்றால் இனிய காற்று என்று எழுதி
அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.
பாடநூல் எழுதியவர்
மெரிபாங்கில் ஒரு ஜூலை மாதம்கூடக்
குடியிருந்திருக்க மாட்டார்.

இங்கே தெற்கிலிருந்து வருவது
எண்ணெய் ஆலையைச் சுற்றிக்கொண்டு வரும்.
அழுகிய முட்டை, கிழித்த தீக்குச்சி,
பெயர் தெரியாத ஏதோ ஓர் இனிப்பு.
வாடை என்றால் வடகாற்று என்றார் ஆசிரியை.
நாற்றமும் அதுதானே என்றேன்.
எங்கள் தெருவில்
தென்றலுக்குத்தான் வாடை.

போன குளிர்காலத்தில் குபேந்திரன்
சிலிக்கான் துப்பாக்கியோடு வீட்டைச் சுற்றி வந்தான்.
சன்னல் சட்டங்கள், கதவின் கீழ் இடுக்கு,
கூரையடியில் துளைத்துளையாய்க் காற்றுக்கல் எட்டு.
ஏழுக்குச் சிமெண்டு பூசினான்.
எட்டாவது எட்டவில்லை.
"இனி ஆலை உள்ளே வராது" என்றான்.
வரவில்லைதான்.

உள்ளே இருந்தது நாங்கள்.
பொரித்த ஷாட் மீன், காயாத துணி,
வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, கொசுவத்தி,
தரை துடைத்த ப்ளீச், மூவரின் மூச்சு,
எல்லாம்
போக வண்டி கிடைக்காத விருந்தாளிகளாய்த்
தங்கிவிட்டன.
அலமாரிக்குப் பின்னால் சுவரில்
கருப்பாய் ஒரு தேசப்படம் வளர்ந்தது;
வாரத்துக்கு ஒரு மாகாணம்.
காலையில் கண்ணாடியில் வழிந்த நீரைத்
தேஷன் விரலால் தொட்டு
"வீட்டுக்கு வேர்க்குதும்மா" என்றான்.
ஏழு வயது.
தலையணைக்கடியில் நீலப் பம்ப்.

ஒரு வியாழன் இரவு மின்வெட்டு.
காஸ் ஹீட்டரை அறைக்குள் உருட்டி வந்து
மூவரும் ஒரே போர்வைக்குள் படுத்தோம்.
நள்ளிரவில் யாரோ என் நெற்றியை
உள்ளிருந்து தட்டினார்கள்.
தேஷனை உலுக்கினேன்.
தலை வலிக்குது என்று சொல்லி
என் தோளிலேயே வாந்தி எடுத்தான்.
சன்னலைத் தள்ளினேன். அசையவில்லை.
அவ்வளவு நன்றாகச் செய்திருந்தான் வேலையை.
பிறகு அவனே
முழங்கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு
கண்ணாடியை உடைத்தான்.

குளிர் பாய்ந்தது, பின்னாலேயே ஆலையும்.
அந்த நாற்றத்தை
வாழ்நாளில் முதல்முறையாக
வாய் திறந்து குடித்தேன்.

ஹீட்டர் இப்போது காரேஜில், கோணி போர்த்தி.
ஏழு கற்களையும் உளியால் கொத்தித் திறந்து
கொசுவலை அடித்தான், ஒரு வார்த்தை பேசாமல்.
மீன் பொரிக்கும் புகையைத் தெருவுக்குத் துரத்த
அடுப்புக்கு மேல் ஒரு விசிறி.
பக்கத்து வீட்டுப் பூபாலனிடம் போய்
ஜெனரேட்டரை எங்கள் குளியலறைச் சன்னலடியிலிருந்து
தள்ளி வையுங்கள் என்று கேட்டேன்.
மூன்று வாரம் முகம் கொடுக்கவில்லை.
நான்காம் வாரம் தள்ளி வைத்தார்.

தங்கை இரவல் கொடுத்த சிறு கருவி
ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்து
எங்கள் மூச்சை எண்ணுகிறது.
அடைத்துத் தூங்கினால் விடியலில் இரண்டாயிரம்,
ஒரு சாண் திறந்தால் எண்ணூறு.
ஆலையை எண்ண அதற்குத் தெரியாது.
அதற்கு என் மூக்கும்
தூரத்தில் அந்த ஆலையே ஏற்றிவைத்த சுடரும்.
சுடர் எங்கள் பக்கம் சாய்ந்தால் மூடு,
முதுகைக் காட்டினால் திற.
பகைவனைப் பார்த்துத்தான்
பருவம் அறிகிறோம்.

நேற்று வகுப்பில் ஒரு பழஞ்சொல்.
சன்னலுக்குக் காலதர் என்று பெயராம்.
கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி.
கால் என்றால் நாலில் ஒன்றும்தானே என்றேன்.
அந்தக் கணக்கு இங்கே வராது என்றார்.

இன்றிரவு சுடர்
எந்தப் பக்கமும் சாயாமல் நிமிர்ந்து நிற்கிறது.
புதுக் கண்ணாடியைக்
கால்பங்கு திறந்துவைத்து,
உள்ளே அவன் மூச்சைக் கேட்டபடி
வெளியே முகர்ந்தபடி
தாழ்ப்பாளில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.